கியூபச் சால்சா: நான்கு ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு

நான்கு ஆண்டுகளாக வாரத்துக்கு இருமுறை கியூபச் சால்சா என்னும் இணை நடனத்தைப் பயின்று வருகிறேன். கியூபாவில் இதைக் காசினோ என்பார்கள். 1950களில் ஹவானாவின் காசினோ தெப்போர்த்திவோ மன்றத்தில் கூடி ஆடியவர்களிடமிருந்து வந்த பெயர் அது.

முதல் ஆண்டில் இணையைச் சுழற்றி ஆடும் ஏறத்தாழ நாற்பது சுற்றுகளைக் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். ஆனாலும் அவற்றுள் ஒன்றான செத்தெந்தாவை ஆடும்போதெல்லாம், முதுகுக்குப் பின்னால் மடிந்த கையை விடுவிக்க வழியின்றி என் இணை தோள்வலியுடன் நிற்பார். நான் கைகளின் வரிசையை மட்டுமே கற்றிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பாணிச் சால்சாவில், நடத்துபவரின் கைக்குறிப்பை ஏற்று ஆடும் பின்தொடர்பவர் ஒரு நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் செல்வார். காசினோவிலோ இருவரும் ஒருவரையொருவர் சுற்றி நடக்கிறார்கள். ஆகவே நடத்துபவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டால், எவ்வளவு சரியாகக் கையை உயர்த்தினாலும் சுற்று சிக்கிக்கொள்ளும்.

இரண்டாம் ஆண்டில் ஓர் ஆசிரியர் மூன்று மாதம் குவாபேயா (அடிப்படை நடை), என்சூஃப்லா (இருவரும் இடம் மாறும் சுற்று), டிலே கே நோ (இணையை முன்னால் கடத்தி மறுபக்கம் கொண்டுவரும் அசைவு) ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் ஆடவிடவில்லை. 1, 2, 3 எண்ணிக்கையில் அடிவைத்து, 4இல் பொறுத்து, 5, 6, 7இல் மீண்டும் நடந்து, 8இல் பொறுக்கும் அந்த நடை கால்களில் ஊறிய பின், செத்தெந்தாவின் முடிச்சு என்சூஃப்லாவில் தானாகவே அவிழ்ந்தது. கை வழியைக் காட்டினால் போதும். சுழல்வது இணையின் கால்கள். இந்த மூன்று மாதங்களை நான் முதலிலேயே செலவிட்டிருக்க வேண்டும்.

ஒருவர் சுற்றுகளின் பெயரைக் கூவ, பலர் இணை இணையாக வட்டமாக நின்று ஆடும் ருவேதாவைப் புதியவர்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். 'தாமே' என்ற குரல் எழும்போதெல்லாம் இணை மாறுவதால், ஒரே மாலையில் பல கைகளின் அழுத்தமும் வேகமும் பழகிவிடும். ஒரு குறை உண்டு: சுற்றின் பெயர் இணையின் காதிலும் விழுவதால், நம் கை தெளிவாகச் சொல்கிறதா என்பது அங்கே தெரியாது. தனி இணையாக ஆடினால்தான் அது தெரியவரும்.

எண்ணிக்கை தவறும்போது சால்சா இசையின் அடிப்படைத் தாளமான கிளாவேயைத் தேடுவதைவிட, பாடலின் பிற்பகுதியில் 1, 3, 5, 7இல் சீராக ஒலிக்கும் மணியைப் பற்றிக்கொள்வது எனக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிற்பகுதியின் வேகத்தில் என் டிலே கே நோவின் அடிகள் இன்னும் குறுகிவிடுகின்றன. இவ்வாண்டுப் பயிற்சி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.