ஷூ ஆர்த்தோட்டிக்: மேல்துணியை நம்பாதீர்கள், புரட்டிப் பாருங்கள்

டர்பனில் நம்மவர்கள் வாங்கும் ஆர்த்தோட்டிக்குகள் (பாதத்தைத் தாங்க ஷூவுக்குள் வைப்பவை) பெரும்பாலும் மூன்று வகை: கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஈவிஏ நுரை, பொடியாட்ரிஸ்ட் (பாத நிபுணர்) அச்செடுத்துச் செய்து தரும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தகடு, சர்க்கரை நோயாளிகளுக்கான பிளாஸ்டசோட் என்ற மென்மையான நுரை.

ரெடிமேட் ஈவிஏ விலைக்கு மோசமில்லை. ஆனால் தினமும் போட்டால் 6 மாதத்திலிருந்து ஒரு வருஷம்தான். மேலே புதுசு போலவே இருக்கும், உள்ளே நுரை நசுங்கிச் சப்பையாகியிருக்கும். வெளியே எடுத்து, குதிகால் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் எழும்பாமல் நின்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். இதைப் பழுது பார்க்க வழியில்லை.

நான் பணம் போடச் சொல்வது பாலிப்ரொப்பிலீன் தகட்டில்தான். ஒழுங்காக வைத்துக்கொண்டால் 2 முதல் 5 ஆண்டு உழைக்கும். மேல்துணி கிழிந்ததும் ஜோடியையே மாற்றிவிடுகிறார்கள், வீண் செலவு. தகடு நன்றாக இருந்தால் செய்து கொடுத்த இடத்திலேயே மேலுறையை மட்டும் மாற்றச் சொல்லலாம். தகட்டைப் புரட்டி, வெளிச்சத்தில் லேசாக வளைத்துப் பாருங்கள். வளைவுப் பகுதியில் வெள்ளைக் கோடு ஓடியிருந்தால் பிளாஸ்டிக் களைத்துவிட்டது, அடுத்தது விரிசல். குதிகாலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஆப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்தால் சாய்வுக் கோணமே மாறிவிடும். விட்டுப்போன முழங்கால் வலி திரும்புவது அதனால்கூட இருக்கலாம். மேசைமேல் வைத்தால் ஆடுவது மட்டும் பழுதுக்கு அடையாளம் அல்ல, சில ஆப்புகளை அப்படித்தான் செதுக்குவார்கள். இடதும் வலதும் வேறு வேறு மாதிரி ஆடினால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிளாஸ்டசோட் காலுக்கு மிக இதம், ஆனால் சீக்கிரம் அமுங்கிவிடும். உணர்ச்சி மங்கிய கால் வலியைச் சொல்லாது. வலி வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கு 3 ஜோடி வரை அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் நாலு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது நல்லது. விரல்களுக்குப் பின்னால், பாதப் பந்துக்கு அடியில் விரலால் தடவுங்கள், முதலில் அங்கேதான் மெலியும். காலில் சிவப்புத் திட்டு கண்டால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். வீட்டில் அம்மா அப்பாவுக்குக் கண் மங்கலாக இருந்தால் அவர்கள் பாதத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

டர்பன் வெயிலில் கார் டிக்கியில் எதையும் விட்டுவைக்காதீர்கள், நுரை சுருங்கி உருமாறும். வாஷிங் மெஷினும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

செய்து தருபவர் எச்பிசிஎஸ்ஏ-வில் (தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழிலாளர் பதிவு கவுன்சில்) பதிவானவரா என்று பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு ஒரு ஜோடிக்குப் பணம் தருவார்கள் என்று மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) முன்கூட்டியே கேளுங்கள்.

புது ஜோடியை அடி சாய்ந்த பழைய ஷூவில் போட்டால் அதுவும் சாய்ந்தே நிற்கும். ஷூவோடு வந்த இன்சோலை எடுத்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கால் பழக இரண்டு வாரமாவது ஆகும். கொம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுபவர்கள் போட்டிக்குப் பல வாரம் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள், சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டத்தைப் புது ஜோடியோடு தொடங்கக் கூடாது.