உரித்த கோழியும் டைனோசரும்: ஏழு வருட கேம் அனுபவம்

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் இருக்கிறது. கையில் கேரள ரேஷன் கார்டு, வாயில் கொங்குத் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இந்தப் பக்கம் பாதிப்பேர் இப்படித்தான். மழை குறைவான பூமி. பனையும் தென்னையும் நிற்கும், கொஞ்சம் நிலக்கடலை போடுவோம். கடலை முளைத்தவுடன் மயில் இறங்கிவிடும். காலையில் பத்துப் பன்னிரண்டு வரும். விரட்டினால் நாலு எட்டு ஓடி, நின்று, திரும்பி ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2018இல் ஆர்க்: சர்வைவல் இவால்வ்டு என்ற டைனோசர் கேம் வாங்கினேன். அதன்பின் டைனோசர் பூங்கா கட்டி நடத்துகிற ஜுராசிக் வேர்ல்டு எவல்யூஷன், அதன் இரண்டாம் பாகம், நடுவில் சாரியன். நான்கையும் விட்டு விட்டு ஆடியிருக்கிறேன். ஆர்க்கில் மட்டும் ஆயிரம் மணி நேரம் தாண்டிவிட்டது. வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லியதில்லை.

முதல் ஒரு வருடம் பல்லையும் கர்ஜனையையும்தான் பார்த்தேன். ஒருநாள் ரேப்டர் (இரண்டு காலில் ஓடும் வேட்டை டைனோசர்) கூட்டம் துரத்தி வந்துகொண்டிருந்தபோது, பின்னால் முறுக்கு சாப்பிட்டபடி நின்ற அமுச்சி (அம்மாவின் அம்மா) கேட்டார்: "ஏங்கண்ணு, இதென்ன உரிச்ச கோழியாட்ட ஓடுது?"

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை மண்டையிலேயே உட்கார்ந்துவிட்டது. ஆர்க் ரேப்டருக்குத் தலையிலும் கையிலும் பேருக்குக் கொஞ்சம் இறகு உண்டு, மற்றபடி தோல்தான். எவல்யூஷன் முதல் பாகத்தில் அதுவும் கிடையாது. ரேப்டர், டைனோனிகஸ் எல்லாம் மொழுமொழு என்று திரியும். அமுச்சி சொன்னபிறகு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடைதான் ஞாபகம் வந்தது.

சரி, உண்மையில் இறகு இருந்ததா என்று படிக்கத் தொடங்கினேன். வெலாசிராப்டர் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். மங்கோலியாவில் கிடைத்த ஒன்றின் முன்கை எலும்பில் வரிசையாக ஆறு சிறு புடைப்புகள் இருப்பதை 2007இல் காட்டினார்கள். பெரிய இறகுகள் எலும்பில் பிடித்து நிற்கிற இடம் அது. இன்றைய பறவைகள் பலவற்றின் எலும்பிலும் அதே புடைப்பு இருக்கிறது. இன்னொன்று, நிஜ வெலாசிராப்டர் ஆள் உயரம் எல்லாம் கிடையாது. இடுப்பு உயரம் நம் முழங்காலுக்குச் சற்று மேலே, எடை சுமார் 15 கிலோ. எங்கள் காட்டு மயிலைவிடக் கனம், அவ்வளவுதான்.

இதற்கு முன்பே 1996இல் சீனாவின் லியாவ்னிங்கில் சினோசாரோப்டெரிக்ஸ் கிடைத்தது. பறவைகளும் டைனோசர் வம்சம்தான்; பறவை அல்லாத டைனோசர் ஒன்றின் உடம்பில் பஞ்சு போன்ற இழைகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். 2010இல் அந்த இழைகளுக்குள் மிஞ்சியிருந்த நிறமித் துகள்களை வைத்து, வால் செம்பழுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு கோடி வருடத்துக்கு முன் செத்த பிராணியின் வால் நிறம்! நான் கேமை நிறுத்திவிட்டு ராத்திரி இரண்டு மணி வரை படித்தது அன்றைக்குத்தான்.

இனி கேம்களுக்கு வருகிறேன். ஆர்க்கில் எனக்குப் பிடித்த ஒரே ஜீவன் யூட்டிரானஸ். பனிப் பிரதேசத்தில் மட்டும் வரும், உடம்பு முழுக்க இறகு, கூடவே கார்னோடாரஸ் என்ற கொம்புள்ள வேட்டை டைனோசர்கள் காவலாள் மாதிரி நடக்கும். அது ஒரு சத்தம் போட்டால் எதிரி மிரண்டு ஓடும், இன்னொரு சத்தம் போட்டால் நம் பிராணிகளுக்குத் தைரியம் வரும். இதை டேம் பண்ண, அதாவது பழக்கி நம்மோடு சேர்த்துக்கொள்ள, மூன்று இரவு ஆனது. இரண்டாவது இரவு எல்லாம் கூடிவரும் நேரத்தில் கரண்ட் போய், முதலிலிருந்து ஆரம்பித்தேன். 2012இல் உலகத்துக்கு அறிமுகமான நிஜ யூட்டிரானஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். 9 மீட்டர் நீளம், 1,400 கிலோ எடை, 15 முதல் 20 செ.மீ. நீள இழைகள், அதாவது ஏறக்குறைய ஒரு சாண். அது வாழ்ந்த இடமும் குளிர்ப் பிரதேசம். பனியில் கொண்டுபோய் விட்டவர் யோசித்துத்தான் விட்டிருக்கிறார். கார்னோடாரஸுக்கு இறகு வைக்காததும் சரியே. அர்ஜென்டினாவில் அதன் தோல் பதிவு நிறையக் கிடைத்திருக்கிறது, எல்லாம் செதில்தான்.

எவல்யூஷன் இரண்டாம் பாகம் 2021 நவம்பரில் வந்தது. இறகுள்ள பைரோராப்டருக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் இறகுள்ள இனங்களுக்கென்றே ஒரு தொகுப்பு விற்றார்கள்: யூட்டிரானஸ், டைனோகெய்ரஸ், சினோசாரோப்டெரிக்ஸ், கூடவே ஜெஹோலோப்டெரஸ் என்ற பறக்கும் ஊர்வன. இறகுக்குத் தனிக் காசு என்பது எனக்கு உறுத்தியது. வாங்கவும் வாங்கினேன். சினோசாரோப்டெரிக்ஸ் கோழிக்குஞ்சு சைஸில் ஓடும், பூங்காவுக்குப் பெரிய வருமானம் தராது. இருந்தும் பட்டை வால் ஆடுவதைப் பார்க்க அதற்கென்று தனி அடைப்பு கட்டி வைத்திருக்கிறேன். என்னுடையது 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. செட்டிங்கைக் குறைத்தால் இறகு நனைந்த கோணிச்சாக்கு மாதிரி தெரிகிறது, கூட்டினால் கேம் திக்குகிறது. இறகுக்காக வாங்குகிறவர்கள் முதலில் கார்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரியன் பற்றி இரண்டே வரி. அமெரிக்காவில் டைனோசர் எலும்புகளுக்குப் பேர்போன ஹெல் க்ரீக்கின் அந்தக் காலக் காட்டில் குஞ்சாகப் பிறந்து, புதரில் ஒளிந்து, பெரும்பாலும் யாருக்காவது இரையாகிறோம். இறகும் நடையும் அதில்தான் ஓரளவு பொருந்தி வந்தன. ஆனால் முடியாத வீடு மாதிரி, பாதி அறைக்குக் கதவில்லை.

டி-ரெக்ஸ் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2017இல் அதன் கழுத்து, இடுப்பு, வால் பகுதித் தோல் துண்டுகளை ஆராய்ந்து எல்லாமே செதில் என்றார்கள். உடனே இணையம் முழுக்க 'இறகுக் கட்சி தோற்றது' என்று கொண்டாட்டம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் கழுத்தில் ஒரு முடிகூட இல்லாத கோழி ஒன்று இருந்தது, அந்த இனமே அப்படி. கழுத்துத் தோலை மட்டும் எடுத்துக் காட்டினால் அது கோழி என்று யாராவது சொல்வார்களா? கிடைத்த இடத்தில் செதில், அவ்வளவுதான் தெரியும். முதுகில் கொஞ்சம் இழை இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அத்தனை பெரிய உடம்புக்குப் போர்வை தேவைப்படாது என்பதும் நியாயமான வாதம். ஆகவே செதிலோடு வருகிற கேம் டி-ரெக்ஸை நான் குறை சொல்வதில்லை. அதேபோல ட்ரைசெராடாப்ஸுக்கும் நீள்கழுத்து ராட்சதர்களுக்கும் இறகு ஒட்டச் சொல்கிற ஆர்வக்கோளாறுகளோடும் எனக்கு ஒத்துவராது. அரியலூர்ப் பக்கம் கிடைத்ததாக 1980களில் எழுதப்பட்ட புருகத்காயோசாரஸ் என்ற நீள்கழுத்து ராட்சதனுக்கு இறகு வைத்து ஒரு படம் பார்த்தேன், தலையணை உறை கிழிந்த மாதிரி இருந்தது.

அக்கா மகனுக்குப் பத்து வயது. "மாமா, இறகு வெச்சா பயமே இல்ல" என்பது அவன் கட்சி. அதே பையன் பக்கத்துத் தோட்டத்துச் சேவல் கழுத்துமுடியைச் சிலிர்த்தால் வேலி தாண்டி ஓடுவான். இதைச் சொன்னால் "அது வேற மாமா" என்கிறான்.

உண்மையில் இத்தனை வருடத்தில் என்னைச் சலிக்க வைத்தது இறகில்லாததுகூட இல்லை, நடைதான். எந்தக் கேமிலும் அந்த மயில் பார்வை கிடையாது. தலை படக் படக் என்று நின்று நின்று திரும்புவது, ஒற்றைக் கண்ணால் சாய்த்துப் பார்ப்பது, உச்சிவெயிலில் மண்ணைக் கிளறிப் புரண்டு குளிப்பது, அலகால் இறகைக் கோதுவது, ஒன்றும் இல்லை. இறகு வைத்த ரேப்டரும் இறகுச் சட்டை போட்ட நாய் மாதிரித்தான் ஓடுகிறது. செய்கிறவர்கள் ஒரு வாரம் எங்கள் கடலைக் காட்டில் வந்து உட்கார்ந்தால் போதும். விரட்டுகிற வேலையும் எனக்கு மிச்சம்.

எவல்யூஷன் மூன்றாம் பாகம் 2025 அக்டோபரில் வந்துவிட்டது, குஞ்சு குட்டிகளெல்லாம் பிறக்கின்றனவாம். மருமகன் தினமும் நச்சரிக்கிறான். கடலைக் காசு வந்ததும் வாங்குவோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், மயில் மிச்சம் வைத்தால்.