சாலையில் ஒரு லாரி, ஊரெல்லையில் ஒரு ஆலை

காற்று மாசுச் சட்டம் வாகன உரிமையாளர், ஆலை நிர்வாகம் என இரு தரப்புக்கும் பொதுவானதாக எழுதப்பட்டிருந்தாலும், இருவரையும் அது ஒரே வேகத்தில் நெருங்குவதில்லை. பழைய டீசல் லாரியின் புகைக்குழாயில் கருவியைச் செருகினால், சில நிமிடங்களில் புகையின் அடர்த்தி தெரிந்துவிடும். அபராதச் சீட்டும் அங்கேயே கைக்கு வரும். தெருவோரக் குழந்தையின் மூச்சுக்கு மிக அருகில் இருப்பது அந்தப் புகைதான் என்பதால், இந்தக் கண்டிப்பு தேவையே.

ஆலையின் கதை வேறு. அதன் புகைபோக்கியில் கந்தக டை ஆக்சைடை அளக்கும் தொடர் கண்காணிப்புக் கருவியைப் பராமரிப்பது பெரும்பாலும் ஆலை நிர்வாகமே. அளவு மீறினாலும் விளக்கக் கடிதம், கால நீட்டிப்பு, மேல்முறையீடு என ஆண்டுகள் கழியலாம். அபராதம் வடிகட்டியின் விலையைவிடக் குறைவாக இருந்தால், அதைக் கட்டிவிட்டுப் புகைவிடுவதே லாபமாகிவிடுகிறது. இந்த இடத்தில்தான் ஆய்வாளர்களின் நேரம் அதிகம் செலவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கார் நிறுவனங்களிடமும் இதே தாமதத்தைப் பார்க்கிறோம். ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் பொருத்திய, புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் 2015இல்தான் அம்பலமானது. அதற்குள் அக்கார்கள் ஆண்டுக்கணக்கில் சாலையில் ஓடியிருந்தன.