குரோம்புக்கா, விலை கம்மி விண்டோஸ் லேப்டாப்பா?

பிரவுசர், மெயில், வீடியோ, கொஞ்சம் டைப்பிங், இவ்வளவுதான் வேலைன்னா குரோம்புக் (விண்டோஸுக்குப் பதிலா கூகுளோட குரோம்ஓஎஸ்ல ஓடுற லேப்டாப்) போதும்ங்க, 4 ஜிபி ரேம்லயே ஓடிரும், சட்டுனு ஆன் ஆகும், 2021லேர்ந்து வந்த மாடலுக்கு 10 வருஷம் அப்டேட் வேற (அந்தக் கணக்கு பிளாட்ஃபார்ம், அதாவது அந்த மாடலோட அடிப்படை ஹார்டுவேர், வெளியான நாள்லேர்ந்து, நீங்க வாங்குன நாள்லேர்ந்து இல்ல, பழசு வாங்குறவங்க பாத்துக்குங்க).

விண்டோஸ்ல பிடிச்ச சாஃப்ட்வேர் போட்டுக்கலாம், அது பெரிய பிளஸ். ஆனா சீப் மாடல்ல 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சின்னு (மெதுவான, விலை கம்மி ஸ்டோரேஜ்) குடுப்பாங்க பாருங்க, அது விண்டோஸ் 11 கேக்குற மினிமம்தான், பெரிய அப்டேட் வந்தா இடம் பத்தாம திணறும், ரேம் பல மாடல்ல போர்டுலயே சால்டர் பண்ணிருப்பாங்க, பின்னாடி ஏத்தவும் முடியாது.

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (வேகமான ஸ்டோரேஜ்) கிடைச்சா விண்டோஸ் எடுங்க, இல்லன்னா என் ஓட்டு குரோம்புக்குக்குத்தான். பழைய பிரிண்டர் வச்சிருந்தா மட்டும் அது குரோம்ஓஎஸ்ல ஓடுமான்னு முன்னாடியே செக் பண்ணிருங்க.