தார்வாடின் சிகரி பேருந்து: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மதிப்பீடு

பேருந்து வந்து நின்றதும் என் அம்மா முதலில் பார்ப்பது அதன் படியைத்தான். எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்குப் போய் நெல்லையப்பரைக் கும்பிட்டுத் திரும்புவதற்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்க வேண்டும் என்பதாலேயே, கடந்த சில ஆண்டுகளாக அவர் கோயிலுக்குப் போவது குறைந்துவிட்டது. ஒரு நாள் நிறுத்தத்தில் நின்ற வண்டி ஒன்றின் முதற்படியை நாடாவால் அளந்தேன். சாலையிலிருந்து 42 செ.மீ. இருந்தது. வீட்டுப் படிக்கட்டில் நாங்கள் வைக்கும் உயரம் 15 முதல் 17 செ.மீ. வரைதான். லாரிச் சட்டத்தின் மேல் கூடு கட்டி ஓட்டப்படும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள பொதுக்குறை இது என்பதால், எந்த வண்டி, எந்த நிறுத்தம் என்று குறிப்பிட வேண்டியதில்லை.

சாலைப் பணிகளுக்கு வரைபடம் போடுவதில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், இதற்கு ஒரு தீர்வு எங்காவது செயலில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. தங்கை மகள் கர்நாடகத்தில் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அதற்கு வழி கிடைத்தது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஹுப்பள்ளியில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து தார்வாடுக்குச் ‘சிகரி’ என்னும் விரைவுப் பேருந்தில் போனோம். சிகரி என்றால் கன்னடத்தில் மான். ஹுப்பள்ளியும் தார்வாடும் ஒரே மாநகராட்சிக்குள் அடங்கிய இரட்டை நகரங்கள். ஒன்று வணிகத்துக்கும் மற்றொன்று கல்விக்கும் பெயர் பெற்றது. தாமிரபரணிக்கு இந்தப்பக்கம் கல்லூரிகளும் அந்தப்பக்கம் கடைவீதிகளுமாக வாழும் நமக்கு அந்த அமைப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 22 கி.மீ. நீளத்துக்குச் சாலையின் நடுவில் பேருந்துகளுக்கு மட்டுமான தனித்தடம் அமைத்திருக்கிறார்கள். 2018 அக்டோபரில் சோதனை ஓட்டமாகத் தொடங்கிய இச்சேவை, 2020 பிப்ரவரியில் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது.

நிலையத்துக்குள் நுழையும் இடத்திலேயே பயணச்சீட்டு வாங்கி, அதை வாயிற்கதவில் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே இருக்கும் மேடை, வண்டியின் தரை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் இருக்கிறது. வண்டி வந்து நிற்கும்வரை மேடையோரத்துக் கண்ணாடிக் கதவுகள் மூடியே இருக்கின்றன. வண்டி நின்ற பிறகு இரண்டு கதவுகளும் ஒருசேரத் திறக்க, மேடையிலிருந்து வண்டிக்குள் நடந்தே போய்விடலாம். சாலையின் நடுவில் நிலையம் இருப்பதால் வண்டியின் வலப்பக்கத்தில் கதவு வைத்திருக்கிறார்கள். அம்மா வழக்கம்போல் என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டு, கீழே குனிந்து பார்த்தார். “ஏய்யா, இதுல படியே இல்லையே” என்றார். அதன்பின் கையை எடுத்துக்கொண்டு தானே நடந்து உள்ளே போய் உட்கார்ந்தார். இந்த மதிப்பீட்டில் நான் எழுதப்போகும் மற்றவை அனைத்தையும்விட இது எனக்குப் பெரிது.

இந்த ஏற்பாடு முதியோருக்குச் செய்யும் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. வண்டியின் வேகமே இதில்தான் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் வண்டி ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் தனித்தனியே குறித்துப் பார்த்தால், பயணத்தில் எவ்வளவு பங்கு நிறுத்தங்களில் கரைகிறது என்பது தெரியும். இறங்குபவர் முடித்த பிறகு ஏறுபவர் தொடங்க வேண்டும். படி உயரமாக இருப்பதால் ஒவ்வொருவரும் கம்பியைப் பிடித்து, காலைத் தூக்கி வைத்து, நிதானித்து ஏற வேண்டும். கூட்டம் மிகுந்துவிட்டால் அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் சீட்டுப் போட்டு முடிப்பதற்காக நடத்துநர் விசில் கொடுத்து வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்வதும் உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையென்றாலும், அவர்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று கொடுத்தாக வேண்டும் என்பதால் நடத்துநரின் வேலை குறைந்துவிடவில்லை. ஒரு நிறுத்தத்தில் 20 விநாடி மிச்சப்படுத்தினால் 15 நிறுத்தங்களில் 5 நிமிடம் மிச்சமாகும். அந்த ஐந்து நிமிடத்தைச் சாலையில் வேகமாக ஓட்டி ஈட்டுவது ஆபத்து. நிறுத்தத்தில் ஈட்டுவதால் யாருக்கும் தீங்கில்லை. 1974இல் தனித்தடப் பேருந்துக்கு வழிகாட்டிய பிரேசில் நாட்டுக் குரிச்சிபா நகரமும் இதை உணர்ந்துதான், பிற்பாடு 1991இல், குழாய் வடிவ நிலையங்களைக் கட்டிச் சீட்டுக் கொடுப்பதையும் படியேறுவதையும் வண்டிக்கு வெளியே கொண்டுவந்தது.

இனி, பயணிகளின் கண்ணில் எளிதில் படாத சில வேலைகளைச் சொல்ல வேண்டும். வண்டிக்கும் மேடைக்கும் இடையே விழும் இடைவெளி ஒரு சாண் ஆகிவிட்டால், மட்டம் ஒன்றாக இருந்தும் பயனில்லை; குழந்தையின் கால் அதற்குள் போய்விடும். ஆகவே, ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் வண்டியை மேடையை ஒட்டி நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அது ஓட்டுநரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. நிலையத்துக்கு முன்னால் தடம் எவ்வளவு தூரம் வளைவில்லாமல் நேராக வருகிறது என்பதையும், சக்கரத்துக்கு வழிகாட்டும் ஓரக்கல் எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது. சாலைத் தளமும் அப்படித்தான். நிறைந்த பேருந்து நாள் முழுவதும் ஒரே இடத்தில் பிரேக் போட்டு நின்று, அதே இடத்திலிருந்து உந்திக் கிளம்பும்போது, வெயிலில் இளகிய தார் சக்கரத் தடத்தில் அமுங்கி, இரண்டு பக்கமும் வரப்பாகப் பிதுங்கிவிடும். நம் ஊர் நிறுத்தங்களில் இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தளம் நான்கு விரற்கடை அமுங்கினால் மேடை மட்டமும் அந்த அளவு தவறும். எனவே நிலையத்துக்கு எதிரே உள்ள பகுதியையாவது சிமெண்ட் கான்கிரீட்டில் போட வேண்டும் என்பது இத்துறையில் விலக்கில்லாத பாடம்.

ஹுப்பள்ளி–தார்வாட் தடத்தில் என்னை மிகவும் கவர்ந்தது, நிலையங்களில் ஒரு வண்டி நிற்கும்போது மற்றொன்று அதைக் கடந்து செல்ல வழி விட்டிருப்பது. இந்தக் கடப்புத் தடம் இல்லாவிட்டால், ஒரு வண்டி பழுதாகி நின்றாலும் பின்னால் வரும் அனைத்தும் நின்றுவிடும். இடையில் நிற்காத விரைவு வண்டியும் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியும் ஒரே தடத்தில் ஓட முடியாது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 2000இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ, ரயிலுக்கு இணையான கூட்டத்தைச் சுமப்பதற்குக் காரணம் இதுதான். நாங்கள் ஏறிய இடைநில்லா வண்டி, முன்னால் நின்றவற்றைக் கடந்து முக்கால் மணி நேரத்துக்குள் தார்வாடில் இறக்கிவிட்டது.

டெல்லியின் அனுபவத்தையும் இங்கே நினைக்க வேண்டும். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. நீளத்துக்கு 2008இல் போட்ட தனித்தடத்தை 2016இல் அகற்றிவிட்டார்கள். அங்கே நிலையங்கள் சந்திப்புகளை ஒட்டியே அமைந்தன. எல்லா வகைப் பேருந்துகளும் தடத்துக்குள் நுழைந்தன. சிக்னல் ஒரு சுற்று முடிய எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. கார் ஓட்டுபவர்களின் எதிர்ப்பால்தான் அத்திட்டம் விழுந்தது என்று சொல்வதுண்டு. சிக்னலையும் நிலையத்தையும் சரியாக இணைக்காமல் தடத்தை மட்டும் கோடு போட்டு ஒதுக்கியதே முதற்காரணம் என்பது என் கருத்து. போபால் நகரத்திலும் 2024இல் தனித்தடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். ஆகவே ஹுப்பள்ளிச் சேவையைப் பார்த்து மகிழ்ந்தவன் என்ற காரணத்துக்காக, எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று நான் எழுத மாட்டேன்.

இந்த வடிவமைப்புக்கே உரிய ஒரு சிரமம், நிலையம் சாலையின் நடுவில் இருப்பது. வண்டியில் ஏறப் படி இல்லை. ஆனால் நிலையத்துக்குப் போக, வேகமாக வாகனங்கள் ஓடும் பாதையைக் கடக்க வேண்டும். சாலை அகலமாகும் அளவுக்கு அந்தக் கடப்பும் நீளும். நடைமேம்பாலம் கட்டினால் முழங்கால் வலிக்காரர்களுக்கு மீண்டும் படிக்கட்டுதான். தரைமட்டத்திலேயே, பாதசாரிக்குப் போதிய நேரம் தரும் சிக்னலோடு கடக்கும் வழி வைப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

இதை நெல்லையில் வைத்துப் பார்ப்போம். இரண்டு பேருந்துத் தடத்துக்கு 7 மீட்டர், நிலையத்துக்கு 4 மீட்டர், பக்கத்துக்கு இரண்டு வாகனத் தடம் என 14 மீட்டர், நடைபாதைகளுக்கு 4 மீட்டர் என்று கூட்டினால் 29 மீட்டர் ஆகிறது. கடப்புத் தடத்தையும் சேர்த்தால் 36. ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை வரை இந்த அகலம் தொடர்ச்சியாகக் கிடைக்காது என்பது அந்தச் சாலையில் போகிற எவருக்கும் தெரியும். 1843இல் கட்டி முடித்த சுலோசன முதலியார் பாலத்துக்கு அருகே இப்போது இன்னொரு பாலம் இருப்பதால் ஆற்றைக் கடப்பது முன்னைவிட எளிதாகியிருக்கிறது. ஆனால் டவுன் ரத வீதிகளில் நடுச்சாலை நிலையம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் சுற்றிவரும் வீதியில் கான்கிரீட் மேடையும் கூரையும் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. வெள்ளத்தையும் மறக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஜங்ஷன் பகுதி தண்ணீரில் மூழ்கியதைப் பார்த்த நாம், சாலை நடுவே நீளமாக ஒரு திண்டைக் கட்டினால் அது குறுக்கே ஓடும் நீருக்கு அணையாகிவிடும் என்பதை முதல் வரைபடத்திலேயே கணக்கில் எடுத்து, அடியில் குழாய் வழி விட வேண்டும்.

எனவே நெல்லைக்கு நான் பரிந்துரைப்பது முழுத் தனித்தடத்தை அன்று. சிகரியிடமிருந்து மேடையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சாலையின் இடப்பக்கத்து நடைபாதையிலேயே அமைக்கலாம். அங்கே உயரம்தான் கேள்வி. வண்டித் தரை 90 செ.மீ. என்றால், 12க்கு 1 என்ற சரிவில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு 10.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நம் கடைத்தெருக்களில் அதற்கு இடமில்லை. தரை 40 செ.மீ. உயரத்தில் உள்ள தாழ்தளப் பேருந்தை எடுத்தால் மேடை 30 செ.மீ. இருந்தாலே போதும், சாய்தளம் 3.6 மீட்டரில் முடிந்துவிடும். கூட்டம் மிகுந்த நேரங்களில் மட்டும் மேடையிலேயே சீட்டுக் கொடுக்க ஒருவரை நிறுத்தலாம். முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் ஆகிய நான்கு இடங்களில் தொடங்கினாலே டவுனுக்குப் போகும் வழியின் பெரும்பகுதிக் கூட்டம் இதற்குள் வந்துவிடும். நிறுத்தத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்டோவும் இருசக்கர வாகனமும் நிற்காமல் காப்பது இதைவிடக் கடினமான வேலை. அதற்கு ஓரக்கல்லும் தடுப்புக் கம்பியும் வேண்டும், அறிவிப்புப் பலகை போதாது.

சிகரியில் பயணம் செய்ய வாய்ப்புள்ள நெல்லைக்காரர்கள், முடிந்தால் இருமுறை போய்ப் பாருங்கள்: ஒருமுறை இடைநில்லா வண்டியில், மறுமுறை எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில். இரண்டாவதில் கதவோர இருக்கையில் உட்கார்ந்து, கதவு திறந்து மூடும்வரை விநாடிகளை எண்ணுங்கள். ஊர் திரும்பி நம் வண்டியிலும் அதே கணக்கை எடுங்கள். நான் எடுத்த கணக்கையும், கொக்கிரகுளம் நிறுத்தத்துக்கு 36 மீட்டர் நீளத்தில் வரைந்த மேடை வரைபடத்தையும் மாநகராட்சியில் மனுவோடு கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன். சாய்தளத்தின் கைப்பிடியை எந்த உயரத்தில் வைப்பது என்பதை மட்டும் அம்மாவை நிற்க வைத்து அளந்து எழுதினேன்.