ஃப்ரீஸ்: தூணுக்கு மேலா, சுவர் முழுக்கவா?

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களைப் பேசும்போது ‘ஃப்ரீஸ்’ என்ற சொல் இரண்டு பொருளில் வருகிறது.

முதலாவது கறாரானது. கிரேக்க, ரோமானியப் பாணியில் தூண்களுக்கு மேல் மூன்று அடுக்கு உண்டு: கீழே பாரம் தாங்கும் உத்திரம், மேலே வெளியே நீட்டிய விளிம்பான கார்னிஸ், நடுவில் ஃப்ரீஸ். எஸ்பிளனேட் ஓரம், 1903-இல் கட்டி முடித்த நகர மண்டபம் மாதிரித் தூண் வைத்த கட்டடங்களில் இந்தப் பொருளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தளர்வானது: சுவரின் மேற்பகுதியில் கிடையாக ஓடும் எந்த அலங்காரப் பட்டையும் ஃப்ரீஸ்தான். கடைவீடுகளின் சுண்ணச்சாந்துப் பூவேலைக்கு இது போதும்.

தளர்வான பொருளைத் தவறு என்று ஒதுக்குவது சரியல்ல. ஏதென்ஸின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தினானையே பாருங்கள். வெளித்தூண்களுக்கு மேல் டோரிக் என்ற கிரேக்கத் தூண் முறைப்படி துண்டு துண்டான பலகைகள். ஆனால் எல்லாரும் கொண்டாடும் ஊர்வலச் சிற்பம் உள்ளறைச் சுவரின் உச்சியில், சுமார் 160 மீட்டர் நீளத்துக்கு ஓடியது. அதையும் ஃப்ரீஸ் என்றே சொல்கிறார்கள்.

நம் கோயில்களுக்கு மட்டும் இரண்டுமே வேண்டாம் என்பேன். திராவிடக் கட்டடக்கலையில் கபோதம் என்ற வளைந்த கூரை விளிம்புக்குக் கீழே பூதவரி, மேலே யாளிவரி என்று இடத்தையும் உருவத்தையும் சேர்த்தே சொல்லும் பெயர்கள் இருக்கின்றன. குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இந்தப் பெயர்களையே முதலில் சொல்லிக்கொடுங்கள். ஃப்ரீஸ் அப்புறம் வரட்டும்.