ஹவுஸ்கீப்பிங் சான்றிதழ்: என்.வி.கியூ.வா, அமெரிக்கச் சான்றிதழா?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் 34 அறை விடுதியொன்றில் அறைப் பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வவுனியாவில் அறை துடைக்கும் வேலையில் சேர்ந்து 13 வருடமாகிறது. என்னைப் போலவே துடைப்பத்தில் தொடங்கி மேற்பார்வைக்கு வந்தவர்கள் வன்னியில் இப்போது பலர் இருக்கிறார்கள். சந்திக்கும்போதெல்லாம் கேட்கிறார்கள்: "அக்கா, சான்றிதழ் ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். எதற்குக் காசு கட்டுவது?"

நான் எடுத்தது தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., நான்காம் மட்டம். வகுப்புக்குப் போகாமல், முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில், அதாவது வேலையில் கற்றதை மதிப்பிட்டுத் தகைமை தரும் வழியில் எடுத்தேன். அதற்கு முன் ஒரு வருடம் அமெரிக்கச் சான்றிதழ் பக்கம்தான் மனம் சாய்ந்திருந்தது. ஆகவே இதை ஒரு பக்கம் சாய்ந்தவள் எழுதும் ஒப்பீடாகவே வாசியுங்கள்.

மூன்றாவது வழியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 1964இல் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கி, இன்று இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனமாக இருக்கும் அரச நிறுவனத்தில் அறைப் பராமரிப்பு, சலவை ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சி உண்டு. கொழும்பு காலி வீதியில் தலைமையகம். அனுராதபுரத்தில் ஒரு கிளை உண்டு. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் கேட்டால் யோசிக்காமல் அங்கே போகச் சொல்வேன். ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகள், கையில் ஒரு பொறுப்பு, மாதம் தவறாமல் வரவேண்டிய சம்பளம் என்று இருக்கும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு முழுநேரப் படிப்பு நடக்காத காரியம். எனக்கும் நடக்கவில்லை.

இனி அமெரிக்கச் சான்றிதழ்கள். ஹோட்டல் துறையில் பெயர் பெற்றது அமெரிக்க ஹோட்டல், விடுதிக் கல்வி நிறுவனம் தரும் சி.எச்.எச்.இ.; அறைப் பராமரிப்பு நிர்வாகிகளுக்கென்றே உள்ள சான்றிதழ். 1930இல் தொடங்கிய நிர்வாக ஹவுஸ்கீப்பர்கள் சங்கத்துக்கும் தனிச் சான்றிதழ்கள் உண்டு. ஒன்றுக்கு 330 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதற்கு மேலுள்ளதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். ஆஸ்பத்திரித் துப்புரவு நிர்வாகத்துக்கு அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் சி.எச்.இ.எஸ்.பி. இருக்கிறது.

இவற்றின் தரத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துணிக் கையிருப்புக் கணக்கு, ஆள் அட்டவணை, வருடாந்தச் செலவுத் திட்டம், தொற்றுத் தடுப்பு என்று ஒரு முகாமையாளருக்கு வேண்டிய எல்லாம் பாடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அதுவும் கடக்கக்கூடிய தடைதான், ஒரு வருடம் உட்கார்ந்தால் கடந்துவிடலாம். பலரும் இந்த இடத்தோடு யோசனையை நிறுத்திவிடுகிறார்கள்: பரீட்சைக் கட்டணம் எவ்வளவு, பாடம் கடினமா, சித்தியடைவேனா? நானும் அப்படித்தான் யோசித்தேன்.

வவுனியாவில் என்னோடு வேலை செய்து, பிறகு வளைகுடா நாடொன்றுக்குப் போய்த் திரும்பிய ஒரு அக்காதான் என் யோசனையைத் திருப்பிவிட்டார். சி.எச்.எச்.இ. எடுத்தவர். ஊருக்கு வந்து வேலை தேடியபோது கோப்பைத் திறந்து சான்றிதழை எனக்குக் காட்டினார். தடித்த தாள், அழகான முத்திரை. அதன் காலம் முடிந்து ஏழு மாதமாகியிருந்தது. "புதுப்பிக்கவில்லையா?" என்று கேட்டேன். "எதைக் காட்டிப் புதுப்பிப்பது?" என்றார்.

அந்தச் சான்றிதழ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டியது. ஐந்து வருடமும் தொடர்ந்து கற்றதற்கு ஆதாரம் காட்டவேண்டும்: கருத்தரங்கு, வகுப்பு, துறைச் சங்க வேலை இப்படி. ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சி.எச்.இ.எஸ்.பி. இன்னும் இறுக்கம், மூன்று வருடத்தில் 45 மணி நேரம் தொடர்கல்வி. தோகாவில் பெரிய ஹோட்டல் சங்கிலியொன்றில் இருந்தால் இந்த மணிகள் தன்னால் சேரும். ஹோட்டலே வகுப்பு வைக்கும், ஹோட்டலே கட்டணம் கட்டும். கிளிநொச்சியில் இருந்துகொண்டு எங்கே சேர்ப்பது? இணையவழி வகுப்பு என்பார்கள். நியூயோர்க்கில் பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் வகுப்பு எங்களுக்குக் கோடையில் இரவு பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. காலை ஆறு மணிக்குச் சாவிக்கொத்து வாங்கவேண்டிய ஒருத்தி அதற்கு எத்தனை நாள் விழித்திருப்பாள்?

கட்டணம் டொலரில். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதே வருடம் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. முதல் தடவை கட்டணத்தை நகை அடகு வைத்தாவது கட்டிவிடுவோம், அது ஒரு முறைதான் என்று மனம் சொல்லும். ஐந்து வருடம் கழித்து வரும் கட்டணத்துக்கு இன்று யாராலும் கணக்குப் போட முடியாது. நான் ரூபாவில் சம்பளம் வாங்குகிறேன். என் தகைமை உயிரோடு இருப்பது டொலர் விலையைப் பொறுத்து இருக்கக்கூடாது என்று அந்த அக்காவின் கோப்பைப் பார்த்த அன்றைக்கே முடிவெடுத்திருந்தேன்.

என்.வி.கியூ. சான்றிதழுக்குக் காலாவதித் திகதி இல்லை. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வரும் ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஒரு மட்டத்தை எடுத்துவிட்டு ஆறு வருடம் பிள்ளை வளர்த்துவிட்டு வந்தாலும் அந்தப் படி அங்கேயே இருக்கும், அடுத்த படியில் கால் வைக்கலாம். வன்னியில் வாழ்க்கை எத்தனை முறை அறுந்து, எத்தனை முறை மறுபடி தொடங்கியிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

முன்கற்றல் வழியை நைட்டா எனப்படும் அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தொடங்கினேன். பள்ளிச் சான்றிதழ் கட்டாயமில்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் பிரிவில் வேலை செய்யும் ஆறு பெண்களில் இரண்டு பேரின் படிப்பு 2008இல் இடம்பெயர்வோடு நின்றுபோனது. ஒருவருடைய சாதாரணதரப் பெறுபேற்றுத் தாள் முள்ளிவாய்க்காலில் வீட்டுச் சாமான்களோடு போனது. இவர்களிடம் "முதலில் கல்வித் தகைமையைக் காட்டு" என்று கேட்கும் எந்தச் சான்றிதழும் கதவைச் சாத்திவிடும். இங்கே கேட்பது வேலைக்கான ஆதாரம்: சேவைக் கடிதம், சம்பளச் சிட்டை, செய்த வேலையின் படங்கள், மேலாளரின் கையொப்பம். பிறகு செய்து காட்டவேண்டும், வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டும், எல்லாம் தமிழில். ஏதாவது ஓர் அலகில் தேறாவிட்டாலும் தேறிய அலகுகளுக்குப் பதிவு கிடைக்கும். விடுபட்டதை மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

என் மதிப்பீட்டு நாளை மறக்கமாட்டேன். கட்டில் விரிப்பு, மூலை மடிப்பு, குளியலறை வரிசை, நிறம் பிரித்த துணிகள் எல்லாம் கை தானாகச் செய்தது. மதிப்பீட்டாளர் கதவு நிலையின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். அங்கே தூசி இருக்கவில்லை. செம்மண் தூசி எங்கே ஒளியும் என்று இந்த ஊரில் இருப்பவளுக்குத் தெரியும். பிறகு துவாய் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி உள்ளங்கையில் தேய்த்தார். "இது ஏன் இப்படிச் சொரசொரக்கிறது? இந்த ஓரத்தில் பழுப்பு ஏன்?"

எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உண்டு, இரும்பும் உண்டு. சுண்ணாம்பு சவர்க்காரத்தோடு சேர்ந்து நூலில் படிகிறது, அதனால் சொரசொரப்பு. கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி சேர்த்தால் குறையும். பழுப்பைப் போக்க என்று குளோரின் ஊற்றினால் நிலைமை மோசமாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பைக் குளோரின் துருவாக்கித் துணியில் பதித்துவிடும். அதற்கு ஒக்சாலிக் அமிலம் வேண்டும், கையுறையோடு, பிறகு நன்றாக அலசவேண்டும். இதைச் சொல்லி முடித்தபோது அவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு, "எத்தனை துவாயைப் பாழாக்கிக் கற்றீர்கள்?" என்று கேட்டார். நாற்பது என்றேன். அது உண்மை. அந்த நாற்பது துவாயின் பாடம் அன்றைக்குத் தகைமையாக எண்ணப்பட்டது.

அமெரிக்கப் பாடத்தில் கடின நீர் இல்லை என்று சொல்லவரவில்லை, இருக்கிறது. ஆனால் அளவுகள் கலனிலும் அவுன்சிலும் பாரன்ஹீட்டிலும் இருக்கும். ஆஸ்பத்திரித் துணிகளை 160 பாகை பாரன்ஹீட், அதாவது 71 பாகை செல்சியசில், 25 நிமிடம் துவைக்கவேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டல். இங்கே பெரும்பாலான விடுதிகளில் துவைப்பது பச்சைத் தண்ணீரில். ஆகவே எனக்குத் தேவையான கணக்கு குளோரின் கணக்கு: 0.5 சதவீதக் கரைசலுக்கு 35 சதவீதத் தூள் என்றால் ஒரு லீற்றருக்கு 14 கிராம், 70 சதவீதத் தூள் என்றால் 7 கிராம். பொதியில் எத்தனை சதவீதம் என்று பாராமல் கரண்டிக் கணக்கில் போடுவதும், மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு அதைக் கலப்பதும்தான் எங்கள் வேலையில் நான் அதிகம் பயப்படும் இரண்டு தவறுகள். இரண்டாவதில் நச்சு வாயு வரும்.

காலாவதி இல்லாத சான்றிதழுக்கு ஒரு கெடுதியும் உண்டு, அதை மறைத்தால் நியாயமாகாது. யாரும் கேட்கமாட்டார்கள் என்றால் கற்பது நின்றுவிடும். நான்காம் மட்டம் கிடைத்து ஒன்றரை வருடம் நான் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை. கொரோனாக் காலத்தில் தெளிப்பான் கொண்டு அறை முழுவதும் குளோரின் அடித்த விடுதிகளைப் பார்த்துவிட்டு நானும் அடித்தேன். தெளிப்பதைவிடத் துணியை நனைத்துத் துடைப்பதே சரி என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லியிருந்தது எனக்குப் பிந்தித்தான் தெரியும். புதுப்பித்தல் கட்டாயம் இருந்திருந்தால் அதை நேரத்தோடு படித்திருப்பேன்.

அதனால் அமெரிக்க முறையின் நல்ல பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். மூன்று வருடத்தில் 45 மணி என்ற அதே கணக்கு, அதாவது மாதம் ஒன்றேகால் மணி. என்ன படித்தேன், எங்கே முயன்றேன், என்ன மாறியது என்று திகதியோடு எழுதுகிறேன். மேலாளர் மாதக் கடைசியில் கையொப்பம் வைக்கிறார். அடுத்த மட்டத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் ஆதாரக் கோப்பில் சேரும்.

யார் அமெரிக்கச் சான்றிதழை எடுக்கலாம்? வெளிநாட்டில், பெரிய சங்கிலி ஹோட்டலில் இருப்பவர்கள், கட்டணத்தை நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டவர்கள் தாராளமாக எடுக்கலாம். அந்தப் பரீட்சையை நான் எழுதியதில்லை. நான் சொன்னது அந்த அக்காவின் அனுபவத்தையும் பாடநூலையும் வைத்துத்தான். ஆஸ்பத்திரிப் பக்கம் எனக்கு அனுபவம் இன்னும் குறைவு. தனியார் ஆஸ்பத்திரி மேற்பார்வையில் இருப்பவர்கள் தொற்றுத் தடுப்புத் தாதியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. இன்னொன்று: நான்காம் மட்டம் ஒரு தேர்ந்த கைவேலையாளரின் சான்றிதழ். முகாமையாளர் என்ற பெயருக்கு ஈடு ஐந்தும் ஆறும்தான். நான் பாதி வழியில் நிற்கிறேன்.

பெறுபேற்றுத் தாளை முள்ளிவாய்க்காலில் இழந்த பெண் இப்போது ஆதாரக் கோப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறாள். சேவைக் கடிதம் வந்துவிட்டது, படங்கள் பதினொன்று எடுத்தாயிற்று. நேற்று மாலை வேலை முடிந்து சலவை அறையில் தராசை வைத்துக்கொண்டு 14 கிராம் நிறுத்துப் பழகினாள். மூன்றாம் தடவை முள் சரியாக நின்றபோது, "அக்கா, இதையும் ஒரு படம் எடுங்கள்" என்றாள். எடுத்தேன். பன்னிரண்டு.